பாழ்நிலத்தில் பைன் நட்ட பேராசிரியர்: ஆல்டோ லியோபோல்ட்



மழைக்காலம் வந்துவிட்டால் நம் தெருக்களில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் ஏன் இங்கேயே வந்து நிற்கிறது? வயதில் மூத்தவர்களைக் கேட்டால், இது ஏரியின் ஓரமாக இருந்தது, அது வயல், அங்கே வாய்க்கால் ஓடியது என்று கைநீட்டிக் காட்டுவார்கள். வீடு வருவதற்கு முன் இந்த மண் என்னவாக இருந்தது என்ற கேள்வியை வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்ட ஒருவரை இந்த இதழில் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவர் அமெரிக்கர். பெயர் ஆல்டோ லியோபோல்ட் (1887–1948). வன அதிகாரி, பேராசிரியர், எழுத்தாளர். கெட்டுப்போன நிலத்தை அதன் பழைய இயல்புக்குத் திருப்ப முடியுமா என்பதைப் பேசுவதோடு நிற்காமல், மனைவி மக்களோடு மண்வெட்டி எடுத்துச் செய்து பார்த்தவர்.

ஆற்றங்கரைப் பிள்ளை

லியோபோல்ட் 1887 ஜனவரி 11 அன்று அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா கார்ல், வால்நட் மரத்தில் எழுது மேஜைகள் செய்யும் தொழில் நடத்தியவர், நல்ல வேட்டைக்காரரும்கூட. ஆற்றையொட்டிய சதுப்பு நிலங்களுக்கு மகனை அழைத்துப் போய், எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், எந்த மிருகம் எந்த மரப்பொந்தில் ஒளியும் என்று காட்டிக்கொடுத்தார்.

அந்த அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வசந்தகாலம் வாத்துகள் இனப்பெருக்கத்துக்குக் கிளம்பும் காலம். அந்தப் பருவத்தில் சுடக்கூடாது என்று சட்டம் வருவதற்கு முன்பே, அவர் தாமாகவே சுடுவதை நிறுத்திக்கொண்டார். யாரும் கேட்காத இடத்திலும் நமக்கு நாமே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தைப் பையன் அங்கேதான் கற்றான்.

துப்பாக்கியோடு இருந்த வன அதிகாரி

யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் முதுகலை முடித்த லியோபோல்ட், 1909இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். வயது 22. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் வேலை. 1912இல் எஸ்டெல்லா பெர்கெரேயை மணந்தார். அடுத்த ஆண்டே, மழையிலும் குளிரிலும் குதிரைப் பயணம் செய்து திரும்பியவர் சிறுநீரக நோயில் விழுந்து, உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலைக்குப் போனார். தேறி வேலைக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆனது.

இந்தக் கால லியோபோல்டை நாம் மறைத்துச் சொல்லக்கூடாது. ஓநாயும் மலைச்சிங்கமும் ஒழிந்தால் மான் பெருகும், வேட்டைக்காரர்களுக்கு நல்லது என்று அவர் முழுமனதாக நம்பினார். அப்படியே பிரசாரமும் செய்தார். ஒருநாள் அவரும் உடன் வந்தவர்களும் பாறை முகட்டிலிருந்து ஒரு தாய் ஓநாயையும் அதன் கூட்டத்தையும் பார்த்துச் சரமாரியாகச் சுட்டார்கள். இறங்கிப் போனபோது ஓநாய்க்கு உயிர் பிரிந்துகொண்டிருந்தது. அதன் கண்ணில் பார்த்தது அவர் மனதில் தங்கிவிட்டது. ஆனால் கருத்து உடனே மாறவில்லை. ஓநாய் இல்லாத மலைகளில் மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, செடிகொடிகளை மொட்டையடித்து, கடைசியில் தாங்களே பட்டினியால் சாவதைப் பார்த்த பிறகுதான் மாறியது. அந்தச் சம்பவத்தை அவர் எழுத்தில் வைத்தது 1944இல், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. ஓர் உயிரை எடுத்தால் அதைச் சார்ந்த பத்து உயிர்கள் நிலைகுலையும் என்ற அறிவு அவருக்கு அவ்வளவு மெதுவாகத்தான் வந்தது.

அதற்கிடையே நல்ல வேலை ஒன்றும் செய்தார். சாலை போடாத, கட்டடம் கட்டாத காட்டுப்பகுதி என்று ஓர் இடத்தையாவது விட்டுவைக்க வேண்டும் என்று வாதாடி, 1924இல் நியூ மெக்சிகோவின் கீலா பகுதியில் 7.5 லட்சம் ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட வழிசெய்தார். தேசிய வனங்களில் அப்படிப் பாதுகாக்கப்பட்ட முதல் இடம் அது. அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனுக்கு மாற்றலாகி வந்தார். குடும்பம் அங்கேயே நிலைத்தது.

மண்ணில் அமிழ்ந்த மனைப்பிரிவு

நம்மைப் போன்ற குடியிருப்புவாசிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கதை மேடிசனில்தான் இருக்கிறது.

அந்த ஊரில் விங்ரா என்ற ஏரி உண்டு. அதன் தெற்கே சதுப்பு நிலம். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அந்தச் சதுப்பில் லேக் ஃபாரஸ்ட் என்ற பெயரில் பெரிய குடியிருப்பு நகர் அமைக்க ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. கால்வாய் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், மனை விற்றார்கள். ஆனால் அடியில் இருந்தது பல நூறாண்டுச் செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த பஞ்சு போன்ற மண். போட்ட சாலை அமிழ்ந்தது. நிறுவனம் திவாலானது. மனை வாங்கியவர்கள் கையில் பத்திரம் மட்டும் மிஞ்சியது. ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் தொலைந்த நகரம். இன்றும் அங்குள்ள மரங்களுக்கிடையே பழைய கான்கிரீட் அடித்தளங்களைக் காணலாம்.

ஏரியைச் சுற்றிய நிலங்களை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1932 முதல் வாங்கத் தொடங்கியது. தொலைந்த நகரமும் பின்னாளில் அதோடு சேர்ந்தது. ஆர்போரீட்டம் எனப்படும் மரப்பூங்கா அமைப்பதுதான் நோக்கம். வழக்கமாக இப்படிப்பட்ட பூங்காவில் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்: பல நாட்டு மரங்களைக் கொண்டுவந்து வரிசையாக நட்டு, பெயர்ப்பலகை வைப்பார்கள். 1933இல் அதே பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியரான லியோபோல்ட் (நாட்டிலேயே அத்துறைக்கு முதல் பேராசிரியர் பதவி அது), இந்தப் பூங்காவின் ஆராய்ச்சிப் பொறுப்பையும் ஏற்றார். 1934 ஜூன் 17 அன்று நடந்த தொடக்க விழாவில் அவர் வேறொரு யோசனையை முன்வைத்தார். வெள்ளையர் குடியேறியபோது இந்த மண் எப்படி இருந்ததோ, அந்தப் பழைய விஸ்கான்சினின் ஒரு மாதிரியை இங்கே மறுபடி உருவாக்குவோம். அப்போதுதான் எதை இழந்தோம், ஏன் இழந்தோம் என்பது நமக்குப் புரியும் என்பது அதன் சாரம்.

அந்தப் பழைய நிலத்தில் முக்கியமானது பிரெய்ரி என்ற உயர்ந்த புல்வெளி. ஆளுயரப் புல், நூற்றுக்கணக்கான பூச்செடி வகைகள், பல அடி ஆழம் இறங்கும் வேர்கள். அதையெல்லாம் கலப்பை உழுது முடித்துவிட்டிருந்தது. பூங்காவுக்குக் கிடைத்ததோ உழுது, பிறகு குதிரை மேய்த்து ஓய்ந்த நிலம்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலையற்ற இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற திட்டத்தின் முகாம் 1935 முதல் 1941 வரை பூங்காவிலேயே இயங்கியது. தாவரவியலாளர் தியோடர் ஸ்பெரி வழிகாட்ட, அந்த இளைஞர்கள் ரயில் பாதையோரத்திலும் வேலியோரத்திலும் மிச்சமிருந்த புல்வெளித் துண்டுகளைத் தேடிப் போய், செடிகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். விதை சேகரித்துத் தூவினார்கள். பிறகு தாவரவியல் பேராசிரியர் ஜான் கர்டிஸ் 1940களில் ஒன்றைச் சோதித்து உறுதிசெய்தார்: அவ்வப்போது கவனமாகத் தீ வைத்தால் அயல் புற்கள் பின்வாங்கி, ஆழ வேர்விட்ட நாட்டுப் புற்கள் முன்னேறுகின்றன. அந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாகப் புல்வெளிக்குத் தீயிட்டு வந்ததன் பயன் அதுதான். சுமார் 60 ஏக்கர் கொண்ட அந்த இடம் இன்று கர்டிஸ் பிரெய்ரி எனப்படுகிறது. மனிதர் திட்டமிட்டு மீட்ட புல்வெளிகளில் உலகிலேயே பழமையானதாக அதைக் கருதுகிறார்கள்.

கோழிக்கொட்டகை

பல்கலைக்கழக நிலத்தில் நடந்ததைத் தம் சொந்தக் கையாலும் செய்து பார்க்க லியோபோல்ட் விரும்பினார். 1935இல், மேடிசனிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், விஸ்கான்சின் ஆற்றங்கரையில், பாராபூ அருகே 80 ஏக்கர் மணல் நிலம் வாங்கினார். சோளம் போட்டுப் போட்டுச் சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட நிலம். முந்தைய உரிமையாளர் வரி பாக்கியோடு கைகழுவிவிட்டுப் போயிருந்தார். வீடு எரிந்துபோயிருந்தது. நின்ற ஒரே கட்டடம் கோழிக்கொட்டகை. அதிலும் உள்ளே சாணமும் குப்பையும்.

ஒரு பேராசிரியர் வாரக்கடைசிக்கு இப்படியோர் இடத்துக்குக் குடும்பத்தை அழைத்துப் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எஸ்டெல்லா அம்மையாரும் பிள்ளைகள் ஸ்டார்க்கர், லூனா, நீனா, கார்ல், சின்ன எஸ்டெல்லா ஆகியோரும் மறுக்காமல் வந்தார்கள். சாணத்தை அள்ளி வெளியே கொட்டினார்கள். ஆற்று வெள்ளத்தில் அடித்து வந்த பலகைகளால் பெஞ்சு செய்தார்கள். கணப்பு அடுப்பு கட்டினார்கள். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது. அந்தக் கொட்டகை இன்றும் இருக்கிறது.

பிறகு நடவு. 1936 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளைக் கையால் நட்டார்கள். அந்தக் கோடையில் அமெரிக்காவின் நடுப்பகுதியையே வாட்டிய வறட்சி வந்தது. நட்டதில் பெரும்பகுதி கருகிப்போனது. அடுத்த வசந்தத்தில் மறுபடி நட்டார்கள். வறட்சிக்குத் தப்பியதை முயல் கடித்தது, மான் மேய்ந்தது. அதற்கும் அடுத்த வசந்தத்தில் மறுபடி நட்டார்கள். இப்படியே அவர் சாகும் ஆண்டு வரை ஒவ்வொரு வசந்தத்திலும் நடந்தது. நட்டவை மொத்தத்தில் பல்லாயிரம். பைன் மட்டுமல்ல, புல்வெளிச் செடிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

நட்டதோடு விடவில்லை, எழுதியும் வைத்தார்கள். இந்த ஆண்டு வாத்து எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பூ எப்போது மலர்ந்தது, ஆறு எப்போது உறைந்தது என்று நாள்தோறும் குறிப்பு. விடியுமுன் எழுந்து, காபியோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதல் குரல் கொடுக்கிறது என்றுகூட லியோபோல்ட் கணக்கெடுத்தார்.

அதே 1935இல் ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் காடுகளைப் பார்த்தார். ஒரே வகை மரம், நூல் பிடித்த வரிசை, அடியில் புதரோ பூவோ இல்லை. சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மண் சத்திழந்து, பறவைகள் குறைந்து, மானுக்குத் தீவனம் வாங்கிப் போட வேண்டிய நிலை. ஒழுங்காகத் தெரிவது எல்லாம் நலமாக இருப்பதாகப் பொருளில்லை என்று தெளிந்து திரும்பினார்.

கல்லறைத் தோட்டத்தின் மூலை

கொட்டகைக்குப் போகும் வழியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருந்தது. அதன் முக்கோண மூலையொன்றில் கலப்பையும் படவில்லை, அரிவாளும் படவில்லை. அதனால் அங்கே சில்ஃபியம் என்ற புல்வெளிச் செடி பிழைத்திருந்தது. ஆளுயரத் தண்டு, சூரியகாந்தி போன்ற மஞ்சள் பூ. அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த கடைசிச் செடிகளில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்த லியோபோல்ட், ஒவ்வொரு ஆண்டும் அது பூப்பதைக் கவனித்து வந்தார். ஓர் ஆண்டு சாலைப் பணியாளர்கள் வேலியை அகற்றிவிட்டு, அந்த மூலையையும் சேர்த்து வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அங்கே இருந்தது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். சாலையில் போகும் ஆயிரக்கணக்கான கார்களில் இருப்பவர்கள் ஒருவரும் அது போனதைக் கவனிக்க மாட்டார்கள் என்பதே அவரை அதிகம் வருத்தியது.

வேறோர் இடத்திலிருந்து அந்தச் செடியைப் பெயர்த்துத் தம் நிலத்தில் வைக்கப் பார்த்தார். தோண்டத் தோண்ட வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. வியர்த்துக் களைத்துக் கைவிட்டார். விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்கே பல ஆண்டுகள். வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். வளர்ப்பதற்கு எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

கொக்குகள் திரும்பிய சதுப்பு

மத்திய விஸ்கான்சினில் பரந்த சதுப்பு நிலங்கள் இருந்தன. சாண்ட்ஹில் கிரேன் எனப்படும் பெருங்கொக்குகளின் தாய்வீடு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, விளைநிலம் என்று விற்றார்கள். பயிர் எதிர்பார்த்தபடி வரவில்லை, உறைபனியில் கருகியது. காய்ந்த சதுப்பு மண்ணோ தீப்பிடித்து மாதக்கணக்கில் புகைந்தது. விவசாயிகள் கடனில் மூழ்கி வெளியேறினார்கள். 1930களில் விஸ்கான்சினில் இனப்பெருக்கம் செய்த கொக்கு ஜோடிகள் சுமார் 25 மட்டுமே.

அந்தப் பெருமந்தக் காலத்தில் அரசு கைவிடப்பட்ட பண்ணைகளை வாங்கி, வடிகால்களை அடைத்தது. தண்ணீர் தேங்கியது. நாணலும் கோரையும் வந்தன, கொக்குகளும் வந்தன. லியோபோல்ட் 1937இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அவருடைய சிறந்த எழுத்துகளில் ஒன்று. ஆனால் அதில் அவர் கொண்டாடவில்லை. மீட்ட இடத்தைப் பார்க்க வரும் கூட்டத்துக்காகச் சாலை போட்டு, அந்தச் சாலையாலேயே மறுபடி கெடுப்போமோ என்ற கவலைதான் மிகுந்திருந்தது.

கடைசி நாள்

நிலத்தைப் பற்றிய சிந்தனைகளை ஒரு நூலாக்க 1940களில் முயன்றார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. உடம்பும் ஒத்துழைக்கவில்லை, முகத்தில் பொறுக்க முடியாத நரம்பு வலிக்காக 1947இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1948 ஏப்ரல் 14 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலை ஏற்றுக்கொண்ட செய்தி வந்தது. மகிழ்ச்சியோடு வழக்கம்போல வசந்த நடவுக்குக் கொட்டகைக்குப் போனார்கள்.

ஏப்ரல் 21 காலை, பக்கத்துப் பண்ணையில் புகை எழுந்தது. குப்பை எரித்த தீ காய்ந்த புல்லில் பரவி, அவர்கள் நட்ட பைன்களை நோக்கி வந்தது. லியோபோல்ட், மனைவி, இளைய மகள் மூவரும் கிடைத்த கருவிகளோடு ஓடினார்கள். மகளை உதவி கேட்க அனுப்பிவிட்டு அவர் தண்ணீர் பம்ப்போடு தனியே போனார். அங்கே மாரடைப்பு. வயது 61. பைன்கள் தப்பின. தீயைத் தோழனாக வைத்துப் புல்வெளியை மீட்கலாம் என்பதை நன்கு அறிந்திருந்தவர், கவனமின்றிப் பரவிய ஒரு தீயை அணைக்கப் போய் உயிர்விட்டார்.

நூலை மகன் லூனா அச்சுக்குக் கொண்டுவந்தார். 1949இல் வெளியான எ சாண்ட் கவுண்டி அல்மனாக், இதுவரை 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. ஸ்டார்க்கர், லூனா, இளைய எஸ்டெல்லா மூவரும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நீனா முதுமையில் அந்த நிலத்துக்கே திரும்பி, அப்பாவைப் போலவே பூ மலரும் தேதிகளைக் குறித்தார். இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1999இல் வெளியானது. பல பூக்களும் பறவைகளும் இப்போது முன்கூட்டியே வந்துவிடுகின்றன, பூமி சூடாகிறது என்பதற்கு அந்தக் குடும்ப நோட்டுப் புத்தகங்கள் சாட்சியாயின. அவர் இறந்த இடத்துக்கு அருகில் 2007இல் எழுந்த நினைவு மையம், அவர் குடும்பம் நட்ட பைன்களிலிருந்து எடுத்த மரத்தால் கட்டப்பட்டது. கொக்குகள் இன்று அந்த வட்டாரத்தில் பல்லாயிரம்.

நமக்கு இதில் என்ன?

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் அது முழு உண்மை ஆகாது. தொண்ணூறு ஆண்டுகள் உழைத்தும் கர்டிஸ் பிரெய்ரிக்கு இன்றும் ஒரு தொல்லை தீரவில்லை. மேட்டுப்பகுதி வீடுகள், சாலைகள், வாகன நிறுத்தங்களிலிருந்து பாய்ந்து வரும் மழைநீர் மண்ணையும் அழுக்கையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அதில் அயல் புல் ஒன்று அடர்ந்து வளர்ந்து மற்றதை அமுக்குகிறது. புல்வெளியைக் காப்பவர்கள் வேலிக்கு உள்ளே எவ்வளவு பாடுபட்டாலும், வேலிக்கு வெளியே குடியிருப்பவர்கள் தண்ணீரை எப்படி விடுகிறார்கள் என்பதும் அதன் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அங்கே வேலிக்கு வெளியே இருப்பவர்கள் உங்களையும் எங்களையும் போன்றவர்கள்தான்.

நமது நகரின் பொதுத் திறந்தவெளியில் தாழ்வான மூலை ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். மண் கொட்டி மட்டமாக்கி டைல்ஸ் போட வேண்டும் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கொசுவும் பாம்பும் வருகிறது என்ற அவர்களின் கவலை நியாயமானது. தண்ணீர் போக வேறு இடமில்லை, அதை அப்படியே விடுங்கள் என்று வேறு சிலர். இரண்டு மனுக்களும் அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு வருகின்றன.

முடிவு உங்களுடையது. அதற்கு முன் லியோபோல்ட் முதலில் செய்த வேலையை மட்டும் நாமும் செய்துவிடுவோம். அந்த மூலை முன்பு என்னவாக இருந்தது? பழைய நில அளவை வரைபடம் வைத்திருப்பவர்கள், இந்த இடம் மனையாகுமுன் பார்த்த பெரியவர்கள் தயவுசெய்து சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள். மழை பெய்யும்போது அங்கே தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, என்னென்ன பறவை இறங்குகிறது என்று பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஒரு பருவமழைக்குக் குறிப்பு இருந்தாலே போதும். பொதுக்குழுவில் நம் பேச்சு ஊகத்தை நம்பி இருக்காது.